வாய்வழி உறவுக்கும் உறை உண்டு: புதிதாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

"வாயால்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?" எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, லாரி ஓட்டுநர்கள் உண்டு, திருமணமாகிப் பத்தாண்டுகள் கடந்த பெண்களும் உண்டு. ஆணுறை எதற்கு, எப்போது என்று அவர்களுக்குச் சொல்லித் தந்த எவரும் வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த நாளிலிருந்து, தமிழ்நாட்டில் ஆணுறை என்ற சொல் எய்ட்ஸ் என்ற சொல்லோடு ஒட்டியே வளர்ந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரங்கள் சுவரெல்லாம் நிறைந்திருந்த காலத்திலும் பேச்சு முழுவதும் புணர்ச்சியைப் பற்றியதாகவே இருந்தது. மேலும், 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, மனமொத்த இருவருக்கிடையே நிகழும் வாய்வழி உறவுகூட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகக் கருதப்படக்கூடியதாக இருந்தது. துண்டறிக்கைகளும் பயிற்சி ஏடுகளும் இந்தப் பொருளைத் தொடாமலேயே கடந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த மௌனத்தால் ஓர் உண்மை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வாய்வழி உறவால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பது சரியே. ஆனால் அதையே 'எதுவும் தொற்றாது' என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். வாய்வழி உறவில் உறையும், பெண்ணின் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் மறைக்கும் மெல்லிய ரப்பர் விரிப்பும் தேவைப்படுவது முதன்மையாக மற்ற தொற்றுகளுக்காகத்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாக விளங்கும். இந்தக் கட்டுரை 18 வயது நிறைந்த, இருவரும் மனமொப்பி ஈடுபடுகிறவர்களுக்காக எழுதப்பட்டது.

எவை தொற்றும், எப்படித் தொற்றும்

மேகவெட்டை என்று நம்மூரில் சொல்லப்படும் கொனோரியா, மேகப்புண் எனப்படும் சிபிலிஸ், கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ், மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் ஆகியவை வாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையே இரு திசையிலும் தொற்றக்கூடியவை. கிளமிடியாவும் தொண்டையில் தங்கும், ஆனால் சற்றுக் குறைவாக. ஆசனவாயில் வாய் வைக்கும்போது இவற்றோடு ஹெபடைடிஸ் ஏ, வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா, குடல் ஒட்டுண்ணிகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடையே கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய குணப்படுத்தக்கூடிய நான்கு நோய்களும் சேர்ந்து 37.4 கோடிப் புதிய தொற்றுகளை ஏற்படுத்தின. இவை எங்கோ, யாருக்கோ வருபவை என்று ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல.

தொண்டையில் தங்கும் கொனோரியா பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. காட்டினாலும் சாதாரணத் தொண்டைக்கட்டு போலவே இருக்கும். மிளகு ரசம் குடித்து, உப்புநீரில் கொப்பளித்து, இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர் அறியாமலேயே அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிறப்புறுப்பில் இருக்கும் கொனோரியாவைக் காட்டிலும் தொண்டையில் இருப்பதைக் குணப்படுத்துவது கடினம். 2009இல் ஜப்பானின் கியோட்டோ நகரில், கொனோரியாவுக்குக் கொடுக்கப்படும் முதன்மை மருந்தான செஃப்ட்ரையாக்சோனை மிக வலுவாக எதிர்த்து நின்ற கொனோரியாக் கிருமி கண்டறியப்பட்டபோது, அது ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில்தான் கிடைத்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹெர்ப்பிஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் குடும்பங்கள் உடைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண் பிறப்புறுப்பில் கொத்தாக எழுந்த கொப்புளங்களோடு வந்தார். பரிசோதனையில் ஹெர்ப்பிஸ் என்று தெரிந்தது. 'நீ யாரிடம் போனாய்?' என்று கணவர் கேட்க, 'நீங்கள்தான் யாரிடமோ போய்க் கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள்' என்று இவர் சொல்ல, இரண்டு வாரமாக வீட்டில் அடுப்பு எரியவில்லை. கணவரை அழைத்து எதிரில் உட்காரவைத்துப் பேசியபோதுதான் அவருடைய கீழுதட்டின் ஓரத்தில் காய்ந்து உதிரும் நிலையில் ஒரு பொருக்கைப் பார்த்தேன். சிறுவயதிலிருந்தே உடம்பு சூடானால் அந்த இடத்தில் கொப்புளம் வரும் என்றார். நாம் சூட்டுக் கொப்புளம், காய்ச்சல் கொப்புளம் என்று சொல்வது பெரும்பாலும் முதல் வகை ஹெர்ப்பிஸ் வைரசால் வருவது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் யாரோ கொடுத்த முத்தத்தில்கூட வந்திருக்கும். அந்த வைரஸ் வாய்வழி உறவின்போது உதட்டிலிருந்து மனைவிக்குப் போயிருந்தது. இருவரில் எவரும் எவருக்கும் துரோகம் செய்யவில்லை. உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில் வாய்வழி உறவைத் தவிர்க்க வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இரண்டு வாரத் துயரம் நேர்ந்திருக்காது.

என்னென்ன வாங்க வேண்டும்

ஆண்குறியின் மீது வாய்வழி உறவு கொள்வதற்குச் சாதாரண ஆணுறையே போதும். அரசின் நிரோத் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையங்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்துக்கடைகளில் ஸ்ட்ராபெரி, சாக்லேட், வாழைப்பழம் என்று மணமும் சுவையும் ஊட்டியவை கிடைக்கின்றன. ரப்பர் வாடை பிடிக்காததால் உறையையே கைவிட்டுவிடுகிறவர்களுக்கு இந்தச் சுவையூட்டிய உறைகளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அவற்றை வாய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பொருள் கலந்த சுவைகள் யோனியில் பூஞ்சைத் தொற்றை வரவழைக்கக்கூடும்.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைக் கட்டாயம் படியுங்கள். 'நீண்ட நேரம்', 'கூடுதல் நேரம்' என்று விளம்பரப்படுத்தப்படும் உறைகளில் பெரும்பாலானவற்றில் பென்சோகைன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவப்பட்டிருக்கும். அது வாயில் பட்டால் நாக்கும் தொண்டையும் மரத்துப்போய், விழுங்குவதே சிரமமாகும். அதேபோல நானாக்ஸினால்-9 என்னும் விந்தணுக்கொல்லி பூசிய உறைகளும் வேண்டாம். அவை கசக்கும், மென்தோலை எரியவைத்து, தொற்று எளிதில் நுழைய இடம் கொடுக்கும். பலருக்குக் கடையில் நின்று நிதானமாகப் படிக்கக் கூச்சமாக இருக்கும் என்பதை அறிவேன். கடைக்காரர் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். வாங்குகிறவரும் அப்படியே வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். அப்படி வாங்கினாலும் வீட்டுக்கு வந்தபின் படித்துப் பாருங்கள். பொருந்தாததை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த முறை பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெண்ணின் பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் வாய் வைக்கும்போது தேவைப்படுவது ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு டென்டல் டேம் என்று பெயர். 1864இல் நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர், சிகிச்சையின்போது பல்லில் எச்சில் படாமல் இருக்கக் கண்டறிந்த ரப்பர்த் துண்டின் வழியில் வந்தது இது. நம்மூர் மருந்துக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளில் 6 அங்குலச் சதுரமாகக் கிடைக்கும். அதில் மெல்லிய வகையைக் கேட்டு வாங்குங்கள், தடித்த வகை உணர்வை மறைத்துவிடும். அமெரிக்காவில் 2022இல் உள்ளாடை வடிவில் அணியக்கூடிய மெல்லிய ரப்பர் மறைப்பு ஒன்றுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. நமக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஓர் ஆணுறையும் ஒரு கத்தரிக்கோலும் இருந்தால் விரிப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்முறையைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றோடு நீரை அடிப்படையாகக் கொண்ட, வழவழப்பூட்டும் லூப்ரிகன்ட் ஜெல் ஒரு குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது பலூன் ஊதினாலோ ரப்பர்க் கையுறை அணிந்தாலோ உதடும் கையும் தடித்து அரிப்பவர்கள், பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் உறைகளைத் தேட வேண்டும்.

எங்கே வைப்பது என்பது பலரும் கவனிக்காத ஒன்று. பணப்பையிலும் வண்டியின் இருக்கைக்கு அடியிலும் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் உள்ள சூட்டில் ரப்பர் வெளியே தெரியாமல் நலிந்துவிடும். பீரோவில் துணிகளுக்கு நடுவே, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் இருக்கட்டும்.

எண்ணெய் கூடாது

ரப்பருக்கு எண்ணெய் பகை. தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், வெண்ணெய், நெய், சாக்லேட் கிரீம், உதட்டில் தடவும் மெழுகுத் தைலம் எல்லாமே இதில் அடங்கும். எண்ணெய் பட்ட ரப்பர் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் ஒரு நிமிடத்திலேயே அதன் வலுவில் பெரும்பகுதி போய்விடும் என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்டது. தமிழ்நாட்டில் தேங்காய் எண்ணெய் இல்லாத வீடு இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டே உறையை எடுங்கள். உதட்டில் தைலம் தடவியிருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். வழவழப்பு தேவையென்றால் நீரால் ஆன ஜெல்லோ சிலிக்கான் ஜெல்லோ பயன்படுத்தலாம்.

ஆண்குறிக்கு உறை அணியும் முறை

நம்பிக்கை மையத்தில் மரத்தால் செய்த மாதிரி ஒன்றை மேசையில் வைத்து, வருபவர்களையே அணிவித்துக் காட்டச் சொல்வோம். பத்துப் பேரில் பாதிப் பேர் முதல் அடியிலேயே தவறுவார்கள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பார்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு பாக்கெட்டை இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தை போல் எதிர்த்துத் தள்ளினால் பாக்கெட் ஓட்டையில்லாமல் இருக்கிறது என்று பொருள். தட்டையாக அமுங்கிப்போனால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் உறையை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரம்பப்பல் போல் விடப்பட்டிருக்கும் விளிம்பில் விரலால் கிழியுங்கள். பல்லும் கத்தரிக்கோலும் வேண்டாம். நீண்ட நகமும் மோதிரமும் உறையில் கண்ணுக்குத் தெரியாத கீறலை உண்டாக்கும்.

குறி விறைத்த பிறகு, வாய் படுவதற்கு முன்னரே, உறையை அணிய வேண்டும். 'முதலில் கொஞ்ச நேரம் உறையில்லாமல், விந்து வரும்போது உறை' என்ற வழக்கத்தைப் பலர் பின்பற்றுகிறார்கள், அதனால் பயனில்லை. முன்னதாகக் கசியும் நீரிலும், தோலிலும், கண்ணுக்குத் தெரியாத புண்ணிலும் கிருமி இருக்கலாம். முன்தோல் இருந்தால் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, உறையின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். நுனியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் விந்துக்காக விடப்பட வேண்டும். அப்படியே பிடித்தபடி மற்றொரு கையால் அடிவரை உருட்டி இறக்குங்கள். உருளாமல் அடம்பிடித்தால் உறை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அறியுங்கள். அதைத் திருப்பிப் போடாதீர்கள், ஏனென்றால் குறியில் பட்ட பக்கம் இப்போது வாய்ப்பக்கமாகிவிடும். அதை எறிந்துவிட்டுப் புதியதை எடுங்கள்.

உறவின்போது பல் உறையில் உரசாமல் பார்த்துக்கொள்வது வாய் வைப்பவரின் பொறுப்பு. உறை அடியிலிருந்து மேலே ஏறிவருகிறதா என்று அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்ப்பது அணிந்திருப்பவரின் பொறுப்பு. விந்து வந்ததும், விறைப்புத் தளர்வதற்கு முன்பாகவே, அடியில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும். பிறகு உறையைக் கழற்றி, முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சாக்கடையை அடைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் செய்ய வரும் தொழிலாளியின் கையில்தான் போய்ச் சேரும்.

வாய்வழி உறவுக்குப் பின் புணர்ச்சிக்குச் செல்வதாக இருந்தால், விந்து வந்திருந்தாலும் வராவிட்டாலும், உறையை மாற்றிப் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். பல் பட்ட உறையை நம்பக் கூடாது.

ஆணுறையை வெட்டி விரிப்பாக்கும் முறை

சுவையோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தோ, விந்தணுக்கொல்லியோ இல்லாத சாதாரண உறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்து முழுவதுமாக உருட்டி நீட்டுங்கள். கூர்மையான, எண்ணெய்ப் பிசுக்கற்ற கத்தரிக்கோலால் நுனியை வெட்டி எறியுங்கள். மறுமுனையில் வளையம் போல் தடித்திருக்கும் விளிம்பையும் வெட்டி எறியுங்கள். இப்போது கையில் இருப்பது இருபுறமும் திறந்த ஒரு குழாய். கத்தரிக்கோலின் ஒரு முனையை அதனுள்ளே விட்டு, ஓர் ஓரமாக நெடுக வெட்டிக்கொண்டே போங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரம் ரம்பப்பல் போலாகி, அங்கிருந்து கிழியத் தொடங்கும். வெட்டி முடித்து விரித்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள செவ்வகத் துண்டு கிடைக்கும். உள்ளங்கையை மறைக்கும் அளவுதான். ஆனாலும் பெண்ணின் பிறப்புறுப்பை மறைக்க அது போதும்.

இந்த இடத்தில் என் அனுபவத்தில் பயன்பட்ட ஓர் உத்தியைச் சொல்கிறேன். விரிப்பின் நான்கு மூலைகளில் ஒன்றை மட்டும் சாய்வாக வெட்டிவிடுங்கள். விரிப்பைக் குறுக்குவாட்டில், நீளமான பக்கம் கிடையாக இருக்கும்படி பிடிக்கும்போது அந்த மூலை எப்போதும் வாய் வைப்பவரின் வலக்கைப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நழுவி விழுந்து மீண்டும் எடுக்கும்போது எந்தப் பக்கம் யாரைத் தொட்டது என்ற குழப்பம் வராது. விரிப்பில் நடக்கும் பெருந்தவறு பக்கம் மாறுவதுதான்.

ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, பவுடர் பூசாத நைட்ரைல் கையுறையை இதேபோல வெட்டிக்கொள்ளலாம்: கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் வெட்டி எடுத்து, சுண்டுவிரல் இருந்த பக்கமாக மணிக்கட்டு வரை வெட்டி விரித்தால் அகலமான துண்டு கிடைக்கும். சமையலறையில் உணவை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது இதற்காகச் செய்யப்பட்டதோ சோதிக்கப்பட்டதோ அன்று. ஆணுறையின் நிலை வேறு: தொழிற்சாலையில் ஒவ்வோர் உறையும் மின்சாரத்தால் ஓட்டைச் சோதனை செய்யப்படுகிறது, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துக் காற்றடித்துப் பார்க்கிறார்கள், பன்னாட்டுத் தர விதியின்படி வழக்கமான அளவுள்ள ரப்பர் உறை 18 லிட்டர் காற்றையாவது தாங்க வேண்டும். இரண்டில் எது கைக்கு எட்டுகிறதோ என்று யோசிக்கும் நிலையில் நான் எப்போதும் வெட்டிய ஆணுறையைத்தான் சொல்வேன்.

விரிப்பைப் பயன்படுத்தும் முறை

வாய் படுவதற்கு முன், விரிப்பின் உடலில் படப்போகும் பக்கத்தில் இரண்டு மூன்று சொட்டு ஜெல்லை விட்டுப் பரப்புங்கள். இந்தச் சொட்டு ஜெல் இல்லையென்றால் விரிப்பு நழுவும், உணர்வும் மந்தமாகிவிடும். 'விரிப்புப் போட்டால் ஒன்றுமே தெரியவில்லை' என்று சொல்பவர்களில் பலர் ஜெல்லைத் தவிர்த்தவர்களே. பின்னர் அதைப் பிறப்புறுப்பின் மீது, மேலே பெண்குறிக் காம்பிலிருந்து கீழே யோனி வாய் முழுவதும் மறையும்படி விரியுங்கள். முரசுத் தோல் போல் இழுத்துக் கட்டக் கூடாது. உடலோடு படிந்து, லேசாகத் தளர்ந்து இருக்க வேண்டும். இரு ஓரங்களையும் இருவரில் யாராவது ஒருவர் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் படுத்திருப்பவர் பிடித்துக்கொள்வதே எளிது. வாய் வைப்பவரின் கைகள் அப்போது கட்டுண்டு கிடப்பதில்லை.

விரிப்பு விலகினால் நிறுத்திச் சரிசெய்யுங்கள். தரையிலோ மெத்தையிலோ விழுந்தால், கிழிந்தால், பக்கம் மாறியதா என்ற ஐயம் எழுந்தால் புதியதை எடுங்கள். மாதவிடாய் நாட்களில் இரத்தத்தின் வழியாகத் தொற்று பரவும் வாய்ப்பு கூடுவதால், மற்ற நாட்களில் விரிப்பைப் பயன்படுத்தாதவர்களும் அந்நாட்களில் பயன்படுத்துவது நல்லது.

ஆசனவாய்க்கும் முறை இதுவே. முன்னதாகச் சோப்பும் நீரும் கொண்டு வெளிப்புறத்தைக் கழுவிக்கொள்ளலாம், ஆனால் கழுவுவது விரிப்புக்கு மாற்று ஆகாது. ஆசனவாயில் பட்ட விரிப்பை எக்காரணம் கொண்டும் யோனிப் பக்கம் நகர்த்தாதீர்கள். அங்கே வேறு விரிப்பு. ஒருமுறை பயன்படுத்தியதைக் கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது.

வாயின் நிலை

வாயில் புண், ஈறில் இரத்தக் கசிவு, அண்மையில் பிடுங்கிய பல், கன்னத்தின் உட்புறம் கடித்த காயம் ஆகியவை இருந்தால் கிருமிக்குக் கதவு திறந்துவைத்தது போலாகும். வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கமுள்ளவர்களுக்கு வாயின் உட்தோல் நாள்பட அரித்துப்போயிருக்கும். அவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பலரும் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு: உறவுக்குச் சற்று முன்னும் பின்னும் பல் துலக்குவது. பிரஷ் ஈறில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகிறது. வாய் மணம் வேண்டுமென்றால் வெறும் நீரால் கொப்பளியுங்கள், அல்லது ஓர் ஏலக்காயை மென்றுகொள்ளுங்கள்.

உறையும் விரிப்பும் அவை மறைக்கும் இடத்தை மட்டுமே காக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெர்ப்பிஸ் கொப்புளமோ, சிபிலிஸின் வலியில்லாத புண்ணோ, எச்.பி.வி. மருவோ தொடையிடுக்கிலும் விதைப்பையிலும் இருந்தால் அவை உறைக்கு வெளியேதான் இருக்கும். புதிய புண்ணோ கொப்புளமோ தெரிந்தால் அது ஆறி, மருத்துவர் பார்க்கும் வரை உறவைத் தள்ளிப்போடுவதே வழி.

பேச்சைத் தொடங்குவது

செய்முறையை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டவர்கள்கூட இந்தப் பேச்சில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 'உறை போடலாமா என்று கேட்டால், என்னைச் சந்தேகப்படுகிறாயா என்பாரே' என்பதே பெரும்பாலானோரின் அச்சம். படுக்கைக்கு வருவதற்கு முன்பே, விளக்கு எரியும்போதே, சாதாரணமாகப் பேசிவிடுங்கள். 'எனக்கு அடிக்கடி உதட்டில் கொப்புளம் வரும், அது உனக்கு வந்துவிடக் கூடாது' என்று உங்கள் உடலிலிருந்து தொடங்கினால் எதிரில் இருப்பவர் குற்றம் சாட்டப்பட்டதாக உணரமாட்டார். இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போவது அதைவிடச் சிறந்தது. வேண்டாம் என்று எந்த நிலையில் யார் சொன்னாலும் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்குக் காரணம் கேட்கவும் கூடாது.

உறை கிழிந்தால், அல்லது இல்லாமல் நடந்துவிட்டால்

பதறாமல் வாயை நீரால் கொப்பளியுங்கள். கிருமிநாசினித் திரவங்களையோ டெட்டாலையோ வாயிலும் பிறப்புறுப்பிலும் பயன்படுத்தாதீர்கள். எதிர்த்தரப்பினருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்து, வாயில் புண்ணும் இரத்தமும் இருந்த நிலையில் விந்தோ இரத்தமோ பட்டிருந்தால், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு உடனே செல்லுங்கள். தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாட்கள் எடுக்க வேண்டியிருக்கும். தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் முறையாக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவால் அது தொற்றாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அவர்களைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

சிபிலிஸின் முதல் புண் தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், உதட்டிலோ நாக்கிலோ தொண்டையிலோ தோன்றலாம். அது வலிக்காது, தானாக ஆறியும்விடும். ஆறிவிட்டது என்பதால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. ஆகவே இரத்தப் பரிசோதனை அவசியம்.

தடுப்பூசி

எச்.பி.வி.யின் 16ஆம் வகை தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புடையது. நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுக்குப் புகையிலையே முதற்பெருங்காரணம். அமெரிக்காவிலோ நாவடித் தொண்டைப் புற்றில் பெரும்பகுதி இந்த வைரசால் வருகிறது. புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் தடுப்பூசி 2023இல் சந்தைக்கு வந்தது; 9 முதல் 26 வயது வரை ஆண் பெண் இருபாலரும் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது 2011இல்தான் என்பதால், இன்று வயது வந்தோரில் பலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். மூன்று தவணைகளில் போட்டுக்கொள்ளலாம். ஆசனவாயில் வாய் வைப்பவர்கள் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

சிறுநீர்ப் பரிசோதனை தொண்டையில் இருக்கும் கொனோரியாவைக் காட்டாது. இதை அறியாமல் 'எல்லாம் நார்மல்' என்ற சீட்டோடு நிம்மதியாகத் திரும்பியவர்கள் ஏராளம். நான் அனுப்பிய ஓர் இளைஞரிடம் ஒரு தனியார் ஆய்வகத்தில், 'இந்தச் சோதனைக்குத் தொண்டையில் எதற்கு எடுக்க வேண்டும்?' என்று நான்கு பேர் முன்னிலையில் உரக்கக் கேட்டு, அவரைக் கூனிக்குறுகத் திரும்பவைத்தார்கள். அவர் மீண்டும் வேறிடம் போவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அப்போது முடிவு தொற்று இருப்பதாக வந்தது. அதனால் ஆய்வகத்துக்கு நேரே போவதைவிட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள பால்வினை நோய்ப் பிரிவுக்கு முதலில் செல்லுங்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனவே தனித்துறை இருக்கிறது. மருத்துவரிடம், 'எனக்கு வாய்வழி உறவு இருந்தது, தொண்டையிலும் மாதிரி எடுக்க வேண்டும்' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். தொண்டையின் பின்சுவரில் பஞ்சுக்குச்சியை ஒருமுறை உருட்டி எடுப்பார்கள். ஒரு கணம் குமட்டும், வலிக்காது. நேரில் கேட்கும் முன் யாரிடமாவது பேசித் தெளிய வேண்டுமென்றால், 1097 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.